“இதெல்லாம் ஒரு வெயிலா?”: ஜூலையில் டெத் வேலிக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு ஒரு மருத்துவரின் பதில்

கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் வசிக்கும் ஒரு வாசகர் நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 36. மே மாத நடுவில் வந்த அப்பாவும் அம்மாவும் நவம்பர் முதல் வாரம் வரை அவரோடு இருப்பார்கள். மகளுக்கு 3 வயது. ஜூலை மூன்றாவது வாரத்தில் நான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. லாஸ் வேகஸுக்கு விமானத்தில் போய், அங்கே கார் எடுத்துக்கொண்டு, கலிபோர்னியாவின் பாலைவனப் பள்ளத்தாக்கும் தேசியப் பூங்காவுமான டெத் வேலியில் இரண்டு இரவு தங்குவதாகத் திட்டம். வசந்த காலத்தில் கேட்ட வாடகையில் ஏறக்குறைய பாதிக்கு அறை கிடைத்திருக்கிறது, கூட்டமும் இருக்காது என்கிறார். மதியம் பேட்வாட்டர் உப்புத்தரை, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மணல்மேடு, அதன் பிறகு நட்சத்திரம் பார்ப்பது.

அப்பாவுக்கு 67 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும் சாப்பிடுகிறார். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒரே மாத்திரை. கொஞ்ச நாளாக “பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு” என்று சொல்கிறாராம். அம்மாவுக்கு 61 வயது, நோய் எதுவும் இல்லை. ஆனால் பயணம் என்றால் தண்ணீர் குடிக்க மாட்டார். வழியில் கழிப்பறை தேட வேண்டுமே என்ற பயம். மனைவி இந்தப் பயணமே வேண்டாம் என்கிறார். கட்டடப் பணிகளில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவோ, “முப்பத்தஞ்சு வருஷம் வெயில்ல நின்னவன்டா நான், இதெல்லாம் ஒரு வெயிலா?” என்கிறார்.

வாசகரின் கேள்விகள் மூன்று. அது வறண்ட வெயில்தானே, வியர்க்காதே, பிறகென்ன? அந்த இரண்டு நாளும் நீர் மாத்திரையை நிறுத்திவிடலாமா? காரிலும் அறையிலும் ஏசி இருக்கும்போது உண்மையில் என்ன ஆபத்து?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வீட்டு வழக்கில் முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவி சொல்வது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசிக்காகத்தான் இத்தனை நீளமான பதில். ஜூலையில் டெத் வேலியை யாருமே பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு கோடையிலும் ஏராளமானோர் போய் நல்லபடியாகத் திரும்பி வருகிறார்கள். நீங்கள் எழுதியிருக்கும் நேர அட்டவணைப்படி, இந்த ஐந்து பேரும் போகக் கூடாது என்பதுதான் நான் சொல்வது.

அப்பாவின் வெயில் பழக்கம் எங்கே போனது?

அப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் வெயில் பழக்கம் ஒருமுறை கற்றால் மறக்காத நீச்சலைப் போன்றதல்ல. வெயிலில் தொடர்ந்து நடமாடினால் 7 முதல் 14 நாளில் உடம்பு பழகிக்கொள்கிறது. வியர்வை சீக்கிரம் தொடங்கும், நிறையச் சுரக்கும், அதோடு போகும் உப்பு குறையும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் இதயத்துக்கும் சுமை குறையும். வெயிலைவிட்டு விலகினால் இதெல்லாம் மெல்லப் போய்விடும். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பகுதி மிஞ்சாது. நீங்கள் கிளம்பும்போது அப்பா அங்கே வந்து ஒன்பது வாரம் ஆகியிருக்கும். சான் ஹோசேயின் 28 டிகிரிக் கோடையில் ஒன்பது வாரம் இருந்தவருக்கு உங்களைவிட அதிக வெயில் பழக்கம் கிடையாது. அதற்கு மேல் வயது வேறு இருக்கிறது. 67 வயதில் தாகம் தாமதமாகத்தான் எடுக்கும், வியர்வையும் இளவயதில் சுரந்த அளவு சுரக்காது. சர்க்கரை பல வருடம் இருந்தால், வியர்வையை நடத்தும் நரம்புகளும் மெல்லப் பழுதாகும்.

அடுத்தது, அந்த இடம் எப்படிப்பட்டது என்பது. டெத் வேலியின் தரை கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. இரண்டு பக்கமும் உயரமான மலைச்சுவர். தரையில் சூடான காற்று மேலே எழுந்தாலும் தப்பிப் போக வழியில்லை. திரும்பக் கீழே இறங்கும்போது அழுத்தம் கூடி இன்னும் சூடாகிறது. 1913 ஜூலை 10 அன்று அங்குள்ள ஃபர்னஸ் க்ரீக் என்ற இடத்தில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றும் உலகச் சாதனைப் பட்டியலில் இருக்கிறது. அந்த அளவீட்டைச் சந்தேகிக்கும் வானிலை அறிஞர்கள் உண்டு, அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். சாதாரண ஜூலையிலேயே பகல் உச்சம் சராசரியாக 47 டிகிரி. 2024 ஜூலையில் பகலையும் இரவையும் சேர்த்தெடுத்த சராசரியே 42.5 டிகிரி. இரவையும் சேர்த்து என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். ‘வெயில் தாழ்ந்ததும்’ என்று நீங்கள் எழுதியதில்தான் எனக்குப் பயம். அங்கே உச்ச வெப்பம் நண்பகலில் அல்ல, மாலை நான்கு ஐந்து மணிக்குத்தான் வரும். சூரியன் மலைக்குப் பின்னால் போன பிறகும் காற்று பல நாட்களில் 40-க்குக் கீழே இறங்காது.

வியர்க்காத வெயில் என்று ஒன்று கிடையாது

வறண்ட காற்றில் வியர்வை நிற்காமல் வரும். வந்த கணமே ஆவியாகிவிடும். சட்டை நனையாது, நெற்றியில் வழியாது, அதனால் வியர்க்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். மணிக்கு ஒரு லிட்டர் வரை சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். காலருக்குக் கீழே கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடு படிந்திருந்தால், அது வியர்வை விட்டுப்போன உப்பு.

நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. சுற்றியிருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருக்கும்போது, காற்றடித்தால் உடம்பு குளிராது, சூடுதான் ஏறும். முடி உலர்த்தும் கருவியை முகத்துக்கு நேராகப் பிடித்த மாதிரி இருக்கும். அப்போது உடம்புக்கு இருக்கும் ஒரே தற்காப்பு, வியர்வை ஆவியாவது மட்டுமே. அதற்கு உள்ளே தண்ணீர் வேண்டும். அம்மாவை நான் மறக்கவில்லை. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைத் தவிர்ப்பவர் அங்கே அப்பாவைவிட முதலில் விழலாம். கிளம்பும் முன்பே எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டிவிடுங்கள். நூறு முறை “தண்ணி குடிங்கம்மா” என்பதைவிட அது வேலை செய்யும்.

மாத்திரை விஷயம்

நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே சமயம், இருக்கிறபடியே போட்டுக்கொண்டு போவதும் சரியல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் நீர் மாத்திரை என்று சொல்லும் ஹைட்ரோகுளோரோதயசைடு உப்பையும் நீரையும் சிறுநீரில் தள்ளும். டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைத் தள்ளும்போது கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ளச் சில ஏற்பாடுகள் வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்றை டெல்மிசார்ட்டான் தடுக்கிறது. சிறுநீரகம் தடுமாறினால் மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கும். தனித்தனியே பார்த்தால் நான்குமே நல்ல மருந்துகள், நானே தினமும் எழுதுபவை. 47 டிகிரியில் நான்கும் ஒரே பக்கமாக இழுக்கும் என்பதுதான் சிக்கல்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு பொறி இருக்கிறது. ‘சிறுநீர் தெளிவாக, நிறையப் போனால் உடம்பில் தண்ணீர் போதும்’ என்று எல்லோருக்கும் சொல்லும் அடையாளம், டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவருக்குப் பொருந்தாது. உள்ளே வறண்டுகொண்டிருக்கும்போதும் சர்க்கரையோடு சிறுநீர் நிறையவே போகும். இன்னொன்று, இந்த மருந்து சாப்பிடுபவருக்கு நீர் வறட்சியும் பட்டினியும் சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம், அதுவும் சர்க்கரை அளவு அதிகம் இல்லாதபோதே. குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வேகமாக வாங்குவது ஆகியவை அதன் அறிகுறிகள். பாலைவனத்தில் அப்படி வந்தால் யாரும் “வெயில் ஒத்துக்கலை” என்று சொல்லிப் படுக்க வைத்துவிடுவார்கள்.

ஆகவே பயணத்துக்குப் பத்து நாள் முன்பே அப்பாவின் மருத்துவரிடம் பேசுங்கள். ஊரில் இருக்கும் அவரைத் தொலைபேசியில் பிடித்தாலும் போதும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், ரத்தத்தில் சோடியமும் கடைசியாக எப்போது பார்த்தது? அந்த நாட்களுக்கு நீர் மாத்திரை சேராத டெல்மிசார்ட்டான் மட்டும் போதுமா? டாபாகிளிஃப்ளோசினையும் மெட்ஃபார்மினையும் எப்போது நிறுத்தி, எப்போது திரும்பத் தொடங்க வேண்டும்? வாந்தி பேதியோ, சாப்பிட முடியாத நிலையோ வந்தால் இந்த இரண்டையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது பொதுவான வழக்கம். ஆனால் அப்பாவுக்கான கணக்கை அவரைப் பார்த்துவரும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

குடிப்பது பற்றி. அந்தப் பூங்காவில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சரிதான், ஆனால் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும்; நீர் மாத்திரை சாப்பிடுபவருக்கு இன்னும் எளிதாக இறங்கும். ஒரு மணி நேரத்தில் 1.4 லிட்டரைத் தாண்ட வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே, உப்புள்ள உணவும் சாப்பிட வேண்டும். சர்க்கரை இருக்கிறதே, ஓஆர்எஸ் கொடுக்கலாமா என்று பலர் தயங்குவார்கள். ஒரு லிட்டர் ஓஆர்எஸ் கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், குளிர்பானங்களில் இருப்பதில் ஒரு சிறு பங்கு. வியர்வை அதிகம் போன நேரத்தில் தாராளமாகக் கொடுக்கலாம். சர்க்கரை பார்க்கும் கருவியையும் பட்டைகளையும் மாத்திரைகளையும் நிறுத்திய காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது பாதம்தான்

“பஞ்சு மேல நடக்கிற மாதிரி” என்பதைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். சர்க்கரையால் பாத நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் சொல்லும் வார்த்தை அப்படியே இதுதான்.

பல வருடம் முன்பு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். கால் வலிக்கிறதென்று வாளிச் சுடுதண்ணீரில் இரண்டு பாதத்தையும் வைத்தபடி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். விளையாட வந்த பேத்தி தண்ணீரில் விரலை விட்டுவிட்டு ‘ஆ’ என்று அலறிய பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் ஓடிவந்தார்கள். அப்போதும் அவர் செய்தித்தாளைக் கீழே வைக்கவில்லை. இரண்டு பாதத்திலும் கொப்புளம் எழும்பித் தோல் உரிந்து, புண் ஆறச் சில மாதங்கள் ஆயின.

டெத் வேலியின் தரையில் 1972 ஜூலையில் அளந்த வெப்பம் 93.9 டிகிரி செல்சியஸ். 2024 ஜூலையில் ஒரு சுற்றுலாப் பயணி அங்குள்ள மெஸ்கீட் ஃப்ளாட் மணல்மேட்டில் செருப்பைத் தொலைத்துவிட்டார். திரும்பி வருவதற்குள் பாதத்தில் ஆழமான, மூன்றாம் நிலைத் தீப்புண். அவருக்கு வலி தெரிந்தது, மற்றவர்கள் தூக்கிவந்தார்கள். உங்கள் அப்பாவுக்கு வலி தெரியாமலே போகலாம். அவர் பேத்தியைத் துரத்திக்கொண்டு ஓடும்போது ரப்பர் செருப்பு மணலில் மாட்டிக்கொள்வதை என்னால் அப்படியே பார்க்க முடிகிறது.

எந்த மாதத்தில் போனாலும் சரி, மூடிய, தடித்த அடியுள்ள காலணியும் காலுறையும்தான். இன்றிரவே வெளிச்சத்தில் அவர் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பாருங்கள். ஜூலை மணல்மேடு அவருக்குக் கிடையாது. இதில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

ஏசி இருக்கிறதே என்றால்

இருக்கிறது, இருக்கும் வரை. ஐந்து பேரின் பாதுகாப்பும் ஒரே இன்ஜினை நம்பியிருக்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும் சாலைகளில், இன்ஜின் சூடேறாமல் இருக்க ஏசியை அணைக்கச் சொல்லும் பலகைகளையே வைத்திருக்கிறார்கள். பூங்காவின் பெரும்பகுதியில் கைபேசிக்குச் சமிக்ஞை கிடையாது. கார் நின்றுவிட்டால் காரை விட்டு நடக்கத் தொடங்காதீர்கள். பிரதான சாலையில் இருந்தால் யாராவது வருவார்கள். அதனால்தான் கூகுள் காட்டும் குறுக்குவழி, மண்பாதை எதிலும் திரும்பக் கூடாது.

‘ஏதாவது ஆனால் ஹெலிகாப்டர் வரும்’ என்ற நம்பிக்கையும் வேண்டாம். கடும் சூட்டில் காற்று விரிந்து மெலிந்துவிடுவதால் ஹெலிகாப்டருக்குத் தூக்குவிசை போதாது. 2024 ஜூலையில் பேட்வாட்டர் அருகே வெப்பத்தில் சுருண்ட மோட்டார் சைக்கிள் பயணிகளிடம் இதனால்தான் ஹெலிகாப்டர் வர முடியவில்லை, ஒருவர் இறந்துபோனார். ஃபர்னஸ் க்ரீக்கிலிருந்து மருத்துவமனை உள்ள பஹ்ரம்ப் ஊருக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

குழந்தை பற்றி: நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி அளவு ஏறும். இருக்கையின் உலோகக் கொக்கி தொடையில் பட்டால் சுடும், நீங்கள் முதலில் தொட்டுப் பாருங்கள். “தூங்குறா, எழுப்ப வேணாம்” என்று ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள். ஆபத்தான சூழலில் 6 வயதோ அதற்குக் குறைவோ ஆன குழந்தையைக் காரில் தனியே விடுவது கலிபோர்னியாவில் சட்டப்படியும் குற்றம்.

இனி என்ன செய்யலாம்?

என் முதல் தேர்வு, அக்டோபர் கடைசி வாரம். அப்பா அம்மா அப்போதும் உங்களோடு இருப்பார்கள். பகல் உச்சம் பெரும்பாலும் 30-ஐ ஒட்டி இருக்கும். இரவில் வெளியே உட்கார்ந்து நட்சத்திரம் பார்க்கலாம். வாடகை கூடுதல்தான். ஆனால் ஜூலையில் பாதி விலைக்கு அறை வாங்கி, பகல் முழுவதும் அதற்குள்ளேயே அடைந்து கிடப்பது எனக்கென்னவோ மிச்சமாகத் தெரியவில்லை.

விடுப்பு ஜூலையில்தான் கிடைக்கும் என்றால், பள்ளத்தாக்கில் தங்காமல் லாஸ் வேகஸில் தங்குங்கள். அங்கும் 40-க்கு மேல்தான், ஆனால் மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. ஒரே ஒரு நாள், விடிய இரண்டரை மணி நேரம் இருக்கும்போது கிளம்புங்கள். முதலில் டான்டீஸ் வியூ. 1,669 மீட்டர் உயரம். கீழே இருப்பதைவிட 11 முதல் 14 டிகிரி குறைவு. அங்கிருந்து பேட்வாட்டர் உப்புத்தரை முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். சூரியன் எழும்போது எதிரே பனமின்ட் மலைத்தொடர் உச்சியிலிருந்து சிவந்துகொண்டே இறங்கும். டெத் வேலியைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது, குளிர்காலத்திலும்கூட. பிறகு ஸப்ரிஸ்கி பாயின்ட் என்ற காட்சிமுனை. அப்பாவுக்குப் படம் வேண்டுமென்றால் ஃபர்னஸ் க்ரீக் தகவல் மையத்தின் வெப்பமானி முன்னால் ஐந்து நிமிடம். காலை 10 மணிக்கு மேல் தாழ்வான பகுதியில் நடக்க வேண்டாம் என்பது பூங்காவே சொல்லும் அறிவுரை. அந்த நேரத்தில் நீங்கள் திரும்பும் சாலையில் இருக்க வேண்டும்.

உங்கள் பழைய திட்டம், அதாவது இரண்டு இரவு, மதியம் உப்புத்தரை, மாலை மணல்மேடு, இந்தக் குடும்பத்துக்கு வேண்டவே வேண்டாம். 72 மணி நேரம் முன்பு வரை அறையை ரத்து செய்யலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், செய்துவிடுங்கள்.

பெற்றோருக்கு எடுத்த பயணக் காப்பீட்டில், ஏற்கெனவே இருக்கும் நோய் பற்றிய பத்தியையும், தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்பதையும் படித்துவையுங்கள். காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பரிசோதித்து, உயிராபத்திலிருந்து நிலைப்படுத்துவது 1986 முதல் மருத்துவமனைகளுக்குச் சட்டக் கடமை. பில் பிறகு வரும், பெரிதாகவே வரும். ஆனால் அந்தப் பயத்தில் 911 அழைக்கத் தயங்காதீர்கள்.

எப்போது அழைப்பது?

தலைவலி, தலைச்சுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல் என்றால் உடனே காருக்குள், ஏசி, கொஞ்சம் கொஞ்சமாக ஓஆர்எஸ். அரை மணியில் தெளியாவிட்டால் மருத்துவமனை. ஆனால் பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, தள்ளாடினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ அது வெப்பவாதம், மூளை சூடாகிறது. வியர்வை இருந்தாலும் அதுதான். அந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாரசிட்டமால் பயன்படாது. 911 அழைக்கும்போதே சட்டையைக் கழற்றி, இருக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி, ஏசிக் காற்று நேராகப் படும்படி வையுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ். அதற்காகவே ஒரு பெட்டி நிறைய ஐஸ் காரில் இருக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். “உங்களால முடியாதுப்பா” என்று தொடங்கினால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவார். வேறு விதமாகக் கேளுங்கள்: “கோடைகாலத்துல தளம் போடுற வேலைன்னா, ஆளுங்களை எத்தனை மணிக்குப்பா வரச் சொல்லுவீங்க?” பதில் சொன்னதும், லாஸ் வேகஸிலிருந்து கிளம்பும் நேரத்தை அவரையே குறிக்கச் சொல்லுங்கள்.